கடவத்தில் மீன் இல்லை

அந்த அனிமேஷன் ஷாட் மொத்தம் 6 நொடிதான். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 144 ஃபிரேம். விடியற்காலைக் கடற்கரை. நடுவயதுப் பெண் ஒருத்தி குனிந்து, மீன் நிறைந்த கடவத்தை, அதாவது பெரிய ஓலைக் கூடையை, தூக்கித் தலையில் வைத்து, திரும்பி, மூன்று எட்டு நடந்து போக வேண்டும். வசனம் கிடையாது. பாதி நேரம் முகமும் கேமராவுக்குத் தெரியாது. உடம்பு மட்டும்தான் பேச வேண்டும்.

எளிதான ஷாட் என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன். மூன்று முறை திரும்பி வந்தது. மூன்று முறையும் லீட், எங்கள் அனிமேஷன் குழுவின் தலைவர், எழுதியிருந்த குறிப்பு ஒரே சொல்: "வெயிட்." அதாவது, பாரம்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டே ஒரு ஸ்டூடியோவுக்கு கேரக்டர் அனிமேஷன் செய்கிறேன். ஷாட் மூன்றாவது முறை திரும்பி வந்த அன்று காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டு நடையில் வந்து உட்கார்ந்திருந்தேன். கடற்கரை ஊரான கடியபட்டணத்திலிருந்து மீன்காரம்மா வந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். அப்போது ஓலைக் கடவம், இப்போது அலுமினியப் பாத்திரம். அப்போது பஸ்; இப்போது நான்கைந்து பேர் சேர்ந்து பிடிக்கிற ஆட்டோ முக்கு வரைக்கும் வரும், அங்கிருந்து நடை. அம்மா சாளையைப் புரட்டிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்க, அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். ஷாட் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"இது யாரு மக்களே?"

"மீன் விக்கிற அம்மாதான். உங்கள மாதிரி."

இன்னொரு சுற்று பார்த்தார். "கடவத்துல மீன் இல்லியே."

கடவத்தை ஓலை போட்டு மூடியிருந்தது. உள்ளே என்ன கிடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. அதைச் சொன்னேன்.

"அவ எடுக்குதத பாத்தா தெரியாதா? சும்மால்லா தூக்குதா."

லீட் மூன்று முறை எழுதியதும் இதுதான். ஆனால் ஆங்கிலத்தில் "வெயிட்" என்று வாசித்தபோது நான் அதை ஒரு தொழில்நுட்பக் குறையாக எடுத்துக்கொண்டு, அசைவுகளைக் கோடுகளாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அந்தக் கோடுகளை இழுத்து வளைத்துக்கொண்டிருந்தேன். "மீன் இல்லியே" என்று கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நான் ஒரு பெண் வெறும் கூடையைத் தூக்குவதை மிக அழகாகச் செய்திருந்தேன்.

கணினிக்குள், நாங்கள் உடம்பின் ஒவ்வொரு நிலையையும் கையால் பதித்து, அதாவது கீ வைத்து, அசைக்கும் அந்த உலகத்தில், புவியீர்ப்பு கிடையாது. 20 கிலோ மீனும் பஞ்சுப் பொதியும் அங்கே ஒன்றுதான். இரண்டும் உள்ளே ஒன்றுமில்லாத கூடு. தரை என்பதும் ஒரு படம். கதாபாத்திரத்தின் கால் அதைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் நாம்தான் வைக்க வேண்டும். பாரம் என்று திரையில் தெரிவதெல்லாம் யாரோ ஒருவர் ஃபிரேம் ஃபிரேமாகப் போட்டுக் கொடுத்தது. போடாவிட்டால் உடம்பு மிதக்கும். எங்கள் தொழிலில் அதிகம் கேட்கும் குறை இந்த மிதப்புதான்.

மீன்காரம்மா சொன்னது எப்படிச் சாத்தியம் என்பதற்கு ஆராய்ச்சியே உண்டு. 1973இல் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் யோஹான்சன், மனிதர்களின் மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகளை வைத்து, இருட்டில் நடக்கவிட்டுப் படமெடுத்துக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள், வேறு எதுவும் தெரியாது. பார்த்தவர்கள் ஒரு நொடியில் "ஆள் நடக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். 1981இல் ரூனசன், ஃபிரைக்ஹோம் என்ற இருவர் இதையே பெட்டி தூக்குவதில் செய்து பார்த்தார்கள். புள்ளிகளின் அசைவை மட்டும் பார்த்துப் பெட்டியின் எடையை மக்கள் நன்றாகவே கணித்தார்கள். 1983இல் இன்னும் ஒரு படி போய், தூக்குகிறவர்களை ஏமாற்றச் சொன்னார்கள்: பெட்டி கனமானதுபோல் நடியுங்கள் என்று. பார்வையாளர்களுக்கு உண்மையான எடையும் தெரிந்தது, அந்த ஆள் நடிக்கிறார் என்பதும் தெரிந்தது. முகமில்லாத, சதையில்லாத வெறும் புள்ளிகளில்.

ஒருவிதத்தில் இது எங்களுக்கு அச்சம் தரும் செய்தி. பார்க்கிறவர் யாராக இருந்தாலும், அனிமேஷன் என்றால் என்னவென்றே தெரியாதவராக இருந்தாலும், உடம்பின் அசைவைப் படிப்பதில் அவர் கைதேர்ந்தவர். பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்றே மீன்காரம்மாவிடம் கேட்டேன், அவர் பாத்திரத்தைத் தூக்குவதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று. "எடுத்துக்கோ. ஆனா எனக்க மூஞ்சிய நெட்டுல போட்டுராத" என்றார். போடவில்லை, போடவும் மாட்டேன். அந்த வீடியோவை ஒரு வாரம் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். நான் செய்திருந்ததில் எதுவுமே அதில் இல்லை.

என் ஷாட்டில் இருந்த பெண் குனிந்தாள், பிடித்தாள், தூக்கினாள், வைத்தாள். வழவழப்பான ஒரு வளைவு. ஆரம்பத்தில் பைய, நடுவில் வேகம், முடிவில் பைய. பாடத்தில் சொல்லித்தந்தபடி. கையும் முதுகும் தலையும் கடவமும் ஒரே ஃபிரேமில் புறப்பட்டு ஒரே ஃபிரேமில் போய்ச் சேர்ந்தன.

வீடியோவில் நடந்தது வேறு. முதலில் அவர் பாத்திரத்தைப் பார்க்கவே இல்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். துண்டை முறுக்கிச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து ஒரு தட்டு தட்டினார். பிறகு கால். வலது கால் பாத்திரத்தை ஒட்டி வந்தது, இடது கால் பின்னால் விலகி நின்று, குதிகால் மண்ணில் ஒருமுறை திருகி அழுந்தியது. அதற்குப் பிறகுதான் கை விளிம்பைத் தொட்டது. தொட்டதும் தூக்கவில்லை. தன் பக்கமாகச் சரித்து ஒரு அசைப்பு. உள்ளே கிடப்பது எவ்வளவு என்று கை கேட்டுக்கொள்கிற அசைப்பு. விரல் விளிம்பில் பட்டதிலிருந்து பாத்திரம் தரையை விட்டு எழும்பும் வரை 31 ஃபிரேம் எண்ணினேன். அத்தனை நேரமும் பாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் உடம்பு முழுக்க வேலை நடக்கிறது: தோள் இறங்குகிறது, முழங்கை நிமிர்கிறது, மூச்சு உள்ளே போய் நிற்கிறது. நான் என் ஷாட்டில் இதற்குக் கொடுத்திருந்தது 6 ஃபிரேம்.

எழும்பிய பாத்திரம் நேரே தலைக்குப் போகவில்லை. தொடைக்கு வந்து நின்றது. அங்கே ஒரு மூச்சு. "ஒரு கை பிடி பிள்ளே" என்று அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை நான் பதினைந்து இருபது தடவை ஓட்டிப் பார்த்துத்தான் நம்பினேன். அவர் பாத்திரத்தை மேலே தூக்கித் தலையில் வைக்கவில்லை. முழங்காலை மடக்கிக் கீழே இறங்கி, தலையைப் பாத்திரத்துக்கு அடியில் கொண்டுபோனார். பிறகு கால் நிமிர்ந்தது. தலையோடு பாத்திரமும் ஏறியது. பாரத்தைத் தூக்கியது தொடை. கை வழிகாட்டியது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பாட்டாவின் ஞாபகம் வந்தது.

பாட்டா பனையேறி. காலையும் மாலையும் முப்பது பனை ஏறி இறங்குவார். நெஞ்சில் பனையை அணைத்து அணைத்துக் காய்த்துப்போன தழும்பு உண்டு; சின்னப் பிள்ளையில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன். மிருக்குத்தடியைப் பனையில் சாய்த்து வைத்து முதல் நாலு அடி ஏறி, அதன் பிறகு திளாப்பு என்ற வளையம் மாட்டிய காலால் பற்றிக்கொண்டு மேலே போவார். இடுப்பில் அரிவாள் வைக்கும் அருவாப்பெட்டி ஆடும். கீழே நின்று பார்க்கும்போது பாட்டா நீந்துவதுபோல் இருக்கும். ஒரு நாள் நான் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி, கிளைக்குத் தாவப் பார்த்து விழுந்தேன். முட்டியில் மஞ்சள் வைத்துவிட்டுக்கொண்டே பாட்டா சொன்னார்: "கால் பிடிச்ச பொறவுதான் மக்கா கைய விடணும்."

பனையேற்றத்தை இப்போது மனதில் ஓட்டிப் பார்த்தால், அதில் நான்கு நிலை இருப்பது தெரிகிறது. கை மேலே போய் அணைக்கிறது. நெஞ்சு பனையோடு ஒட்டுகிறது. இரண்டு காலும் சேர்ந்து மேலே வந்து உள்ளங்காலால் பிடிக்கிறது. அதற்கடுத்து ஒரு நிற்பு, மிகச் சின்ன நிற்பு. கால் பிடித்துவிட்டதா என்று உடம்பு உறுதி செய்துகொள்ளும் நேரம். அப்புறம்தான் கை விடும். அந்த நிற்பை எடுத்துவிட்டால் பனையேறி பனையில் ஏறவில்லை, வழுக்கிக்கொண்டு மேலே போகிறான். சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் நான் வரைந்து புரட்டிய முதல் அனிமேஷனும் பனையேறிதான். அதில் அவன் அப்படித்தான் வழுக்கிப் போனான்.

அனிமேஷன் படித்த எல்லோருக்கும் 12 விதிகள் தெரியும். டிஸ்னியில் வேலை செய்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட புத்தகத்தில் தொகுத்தவை. அதில் ஒன்று, ஒரு செயலுக்கு முன்னால் அதற்கான ஆயத்தம் தெரிய வேண்டும் என்பது. மேலே குதிப்பவன் முதலில் கீழே பதுங்குவான். எனக்கு வகுப்பில் இதைச் சொல்லித்தந்தபோது பார்வையாளருக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு என்று சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆயத்தம் முதலில் உடம்பின் தேவை. நின்றுகொண்டிருக்கும் ஆள் கையைச் சட்டென்று உயர்த்தும்போது, கையின் தசை வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே காலின் தசைகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. 1967இலேயே சோவியத் ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். கை நகர்ந்தால் உடம்பின் சமநிலை கெடும். கெடப்போவதை உடம்பு முன்கூட்டியே அறிந்து காலை ஊன்றிக்கொள்கிறது. நமக்கே தெரியாமல், ஒவ்வொரு முறையும்.

ஆக, அசைவு கையில் தொடங்குவதில்லை. பார்க்கிறவர் கண் கையில் இருக்கும், ஆனால் கை கடைசியில் வருகிறது. நான் எப்போதும் கையில் தொடங்கி, பிறகு முதுகு, பிறகு இடுப்பு, நேரம் மிஞ்சினால் கால் என்று வேலை செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்பதைத் தீர்மானிக்கிறேன். அடுத்தது இடுப்பு. ரிக்கில், அதாவது உருவத்தை அசைக்க உதவும் எலும்புக்கூட்டில், மற்ற எல்லாக் கண்ட்ரோலையும் மறைத்துவிட்டு இடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு முழு ஷாட்டையும் ஓட்டிப் பார்க்கிறேன். கையில்லாமல், தலையில்லாமல், இடுப்பின் போக்கு மட்டுமே பாரத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். நானே தூக்கிப் பார்த்தும் ஒரு வீடியோ எடுத்தேன். ரெஃபரன்ஸுக்காக அனிமேட்டர்கள் எல்லோரும் செய்வதுதான். முதலில் காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்து, கனமாக இருப்பதுபோல் நடித்தேன். அடுத்து அதே கேனில் தண்ணீரை நிறைத்துத் தூக்கினேன். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டியபோது கூச்சமாக இருந்தது. நடித்ததில் நான் முகத்தைச் சுளிக்கிறேன், பல்லைக் கடிக்கிறேன், கை நடுங்குகிறது. நிஜத்தில் முகத்தில் ஒன்றுமே இல்லை. கண் எங்கேயோ பார்க்கிறது, வாய் மூடியிருக்கிறது, கேன் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பு முழுக்கச் சாய்ந்திருக்கிறது, சும்மா இருக்கும் கை தானாக வெளியே விரிகிறது. உடம்பும் கேனும் சேர்ந்த பாரத்தின் மையம் பாதத்துக்கு மேலே நின்றாக வேண்டும், நிற்காவிட்டால் விழுந்துவிடுவேன். அதனால்தான் அந்தச் சாய்வு. முகச் சுளிப்புக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பாரத்தை முகத்தில் காட்டுவது, பாரம் இல்லாதபோது செய்கிற காரியம்.

குமரிமுனைக்குப் போகிறவர்கள் திருவள்ளுவர் சிலையை அண்ணாந்து பார்ப்பார்கள். 2000 ஜனவரி 1 அன்று திறந்தது, கணபதி ஸ்தபதி வடித்தது, பீடத்தோடு 133 அடி. எனக்கு அதில் பிடித்தது இடுப்பில் இருக்கும் அந்த மெல்லிய வளைவு. அத்தனை டன் கருங்கல், ஆனாலும் நேராக நட்ட தூணாக இல்லாமல் ஓர் ஆள் நிற்பதுபோல் நிற்கிறது. நின்றுகொண்டிருக்கும் கதாபாத்திரத்தை அனிமேட் செய்வதில் பலர் தோற்பது இங்கேதான். பாரத்தை இரண்டு காலிலும் சரிபாதி பங்கிட்டு நிறுத்திவிடுவார்கள்.

விழுவதைச் செய்வது இதைவிட எளிது, ஏனென்றால் அதற்குக் கணக்கு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்த்த காட்சி, தென்னையிலிருந்து நெற்று விழுவது. காற்றின் தடையை விட்டுவிட்டால் முதல் 12 ஃபிரேமில் அது ஏறத்தாழ 1.2 மீட்டர் இறங்கும். அடுத்த 12 ஃபிரேமில் 3.7 மீட்டர். அதற்கடுத்த 12இல் 6.1 மீட்டர். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் கூடிக்கொண்டே போகும். கலிலியோ கண்ட விகிதம். ஒன்றரை நொடியில் 11 மீட்டர். இந்த இடைவெளிகளைச் சமமாக வைத்தால் தேங்காய் விழாது, யாரோ கயிற்றில் கட்டி இறக்குவதுபோல் இருக்கும். மனிதன் குதிக்கும்போது கால் தரையை விட்டதிலிருந்து திரும்பத் தொடும் வரை அவன் இடுப்பும் இதே கணக்குக்குக் கட்டுப்பட்டது. அந்த நேரத்தில் கையைக் காலை எப்படி வேண்டுமானாலும் ஆட்டலாம், பாரத்தின் மையம் போகும் பாதையை அவனால் மாற்ற முடியாது. ஒரு அடி உயரம் குதிக்க வேண்டுமென்றால் காற்றில் இருக்கும் நேரம் 12 ஃபிரேம். அதற்கு மேல் நிறுத்தி வைத்தால் அவன் பூமியில் இல்லை.

சரி, என் ஷாட்டுக்கு வருகிறேன். மீன்காரம்மா தூக்கி முடிக்க 9 நொடி ஆகியிருந்தது. என்னிடம் இருப்பது 6. அதிலும் திரும்ப வேண்டும், நடக்க வேண்டும். போதாக்குறைக்கு, கதையில் அந்தப் பெண் தனியாக இருக்கிறாள். கை பிடிக்க ஆள் கிடையாது. மறுநாள் மீன்காரம்மாவிடம் கேட்டேன், யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று.

"தரையில இருந்து எதுக்கு தூக்கணும்? வள்ளத்துக்க வக்குல ஏத்தி வச்சிட்டு அங்க இருந்து தலைக்கு எடுக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "முன்னெல்லாம் வழியில சுமதாங்கி கெடக்கும்லா. அதுக்கு எதுக்கு ஆளு?"

எங்கள் ஊருக்குள் வரும் பழைய பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் இன்னும் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்தது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நடும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, மற்றவர்கள் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். எத்தனையோ முறை அதன்மேல் சாய்ந்து நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் போய் அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். குறுக்குக் கல் நம் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. தலைச்சுமைக்காரர் முழங்காலை லேசாக மடக்கினால் போதும், சுமை கல்லுக்குப் போய்விடும். திரும்ப எடுக்கவும் அதே மடக்கு, அதே நிமிர்வு. பாரத்தைத் தரையிலிருந்து தலைக்குக் கொண்டுபோகிற முழு வேலையையும் அந்தக் கல் மிச்சப்படுத்துகிறது. உடம்பு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவர்கள் அளந்து நட்டது.

லீடுக்கு விவரமாக எழுதினேன். கடவம் மணலில் இருக்க வேண்டாம், கரையேற்றிய வள்ளத்தின் விளிம்பில் இருக்கட்டும். மூன்று எட்டு வேண்டாம், ஒன்றரை எட்டு போதும். மிச்ச நேரத்தைத் தூக்குவதற்கு முந்தைய காத்திருப்புக்குக் கொடுங்கள் என்று. லேஅவுட்டை, அதாவது காட்சியில் எது எங்கே என்ற அமைப்பை, மாற்றுவது சின்ன வேலை இல்லை. லீட் ஒரு நாள் எடுத்துக்கொண்டு சரி என்றார். அதற்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்கினேன். பழைய ஃபைலிலிருந்து ஒரு கீயும் எடுக்கவில்லை. பெண் வள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்கிறாள். பாதம் விலகி மணலில் அழுந்துகிறது. கை பின்னால் போய் விளிம்பைப் பற்றிச் சரித்துப் பார்க்கிறது. 22 ஃபிரேம் கடவம் அசையாது. பிறகு முழங்கால் மடங்கி, தலை கடவத்துக்கு அடியில் நுழைகிறது. கடவம் வள்ளத்தை விட்டு முழுதாக அவள் தலைக்கு வந்துசேரும் அந்த நேரத்தில், 4 ஃபிரேமுக்கு இடுப்பு இன்னும் கொஞ்சம் கீழே போகிறது. பாரத்தை வாங்கிக்கொள்ளும் இறக்கம். இந்த ஷாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த 4 ஃபிரேம்தான். அப்புறம் ஏற்றம், ஆனால் ஒரே சீராக இல்லை. தொடங்கும்போது மிக மெதுவாக, முழங்கால் பாதி நிமிர்ந்த பிறகு எளிதாக. நாம் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்தால் தெரியும், கஷ்டமெல்லாம் முதல் பாதியில்தான்.

நடையிலும் இதேபோல் ஒரு விஷயம் இருந்தது. சாதாரண நடையில் ஒற்றைக் காலில் நிற்கும் நேரத்தில் இடுப்பு உயரும், இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரத்தில் தாழும். தலையும் கூடவே ஏறி இறங்கும். நான் கடவத்தையும் அப்படியே ஏற்றி இறக்கிவிட்டிருந்தேன், கனம் தெரியட்டும் என்று. ஆனால் வீடியோவில் பாத்திரம் கோடு போட்டதுபோல் போகிறது. எட்டு குட்டையாகவும் விரைவாகவும் இருக்கிறது, முழங்கால் முழுதாக நிமிர்வதில்லை, ஆட்டமெல்லாம் இடுப்புக்குக் கீழே. கழுத்து திரும்புவதே இல்லை. பக்கவாட்டில் கூப்பிட்டால் கண் முதலில் போகும், பிறகு பாதம் சின்னச் சின்னதாக எடுத்துவைத்து முழு உடம்பும் திரும்பும். 1986இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யாவின் லுவோ பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தாலும் அதற்காகக் கூடுதல் ஆக்ஸிஜன் செலவாவதில்லை என்று அளந்து சொன்னது. மீன்காரம்மாவின் நடையைப் பார்த்துப் பார்த்து அனிமேட் செய்த எனக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை. பல வருடம் சுமந்த உடம்பு சுமையை ஓர் உறுப்பாக்கிக்கொள்கிறது. முதல் நாள் சுமக்கிற பெண்ணுக்கு இதே நடையைக் கொடுத்தால் அதுவும் பொய்யாகிவிடும்.

களைப்பும் இப்படித்தான். சிவராத்திரிக்கு எங்கள் மாவட்டத்தில் சிவாலய ஓட்டம் நடக்கும். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் 12 சிவன் கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் ஓலை விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடுவார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருவிதாங்கோடு பத்தாவது கோயில். அங்கே வந்து சேர்கிறவர்களை வருடாவருடம் நின்று பார்க்கிறேன். களைத்தவர் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்வார் என்றுதான் நாம் நினைக்கிறோம். அங்கே பார்த்தால் அப்படி இல்லை. பாதம் தாமதமாக எழும்பி, பொத்தென்று சீக்கிரம் விழுகிறது. உயர்த்தத்தான் தெம்பு வேண்டும். விழுவதைப் பூமி பார்த்துக்கொள்கிறது. மிச்சம் பிடிக்க முடிந்த அசைவையெல்லாம் உடம்பு விட்டுவிடுகிறது. விசிறி பிடித்த கை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது, தலை முன்னால் தொங்குகிறது, ஆனால் கூப்பாடு மட்டும் தளராமல் வருகிறது.

இப்போது மோஷன் கேப்சர் வந்துவிட்டதே, நடிகரின் அசைவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே, இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். நானும் அதில் வேலை செய்திருக்கிறேன், நல்ல கருவி. ஆனால் காலிக் கூடையைத் தூக்கி நடித்தவரின் அசைவைப் பதிவுசெய்தால் காலிக் கூடைதான் பதிவாகும். பாரம் வேண்டுமென்றால் கூடைக்குள் பாரத்தை வைத்துத் தூக்கச் சொல்ல வேண்டும். எந்த உடம்பு, எத்தனை வருடம் சுமந்த உடம்பு என்பதும் பதிவில் தெரிந்துவிடும்.

ஷாட் நான்காவது முறை போய், சின்ன இரண்டு திருத்தத்தோடு தேறியது. இரண்டு நாள் கழித்து மீன்காரம்மா வந்தபோது லேப்டாப்பை நடைக்கே கொண்டுபோய் காட்டினேன். பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப மீன் கெடக்கு" என்றார்.

மூன்றாவது சுற்று ஓடியது. "ஆனா மக்களே, கடவம்னா மீன்தண்ணி வடியாதா?"

எனக்குப் புரியவில்லை.

"செவிக்குப் பின்னால எறங்கி கழுத்துக்குப் போவும். கை ரெண்டும் மேல இருக்கும்லா, அப்ப நாங்க இப்பிடித்தான்." தலை கொஞ்சமும் அசையாமல் இடது தோளை மட்டும் காது வரைக்கும் உயர்த்தி, ஒரு தேய்ப்பு தேய்த்து இறக்கினார். அரை நொடிகூட இருக்காது. கடவம் போய் அலுமினியப் பாத்திரம் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. தோள் மறக்கவில்லை.

அவர் போனதும் லீடுக்குச் செய்தி அனுப்பினேன்: 118ஆவது ஃபிரேமிலிருந்து ஷாட்டை ஒருமுறை திறந்து தர முடியுமா, இடது தோள் மட்டும்.